தோலில் எழுதப்படும் பெயர்

சித்திரை விடுமுறையில் ஒரு நாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பையன். முதலாம் ஆண்டில் அவனுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன் நான். இப்போது 22 வயது. எல்லவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதியொன்றில் அறை துப்புரவு செய்யும் வேலை. அவன் தாய் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

"சேர், இதுல எழுத்து சரியா இருக்கான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் வரைந்து, அதன் கீழே தாயின் பெயர். இடது கையின் மேற்புறத்தில், தோளுக்குக் கீழே பச்சை குத்திக்கொள்ளப் போகிறானாம். எல்லவில் அதற்கென்று கடைகள் வந்துவிட்டன. முற்பணம் கொடுத்தாயிற்று, நாள் குறித்தாயிற்று. எழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தத் தாயின் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அதைப் போன்ற ஒரு பெயர்தான். படத்தில் 'ல' முதலிலும் ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னாலும் நின்றன. தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருள்களில் இது வழக்கமாக நிகழ்வது. பாமினியில் தட்டிய வினாத்தாள் வேறொரு கணினியில் திறக்கும்போது என்ன கோலத்தில் வரும் என்பதை நம் ஆசிரியர்கள் அறிவார்கள். வினாத்தாள் என்றால் கிழித்துவிட்டு மறுபடி அச்சடிக்கலாம். குத்தவிருந்த இளைஞர் சிங்களவர். நல்ல கைத்திறன் உள்ளவராம். அவருக்குத் தமிழ் எழுத்து ஒரு சித்திரம். கொம்பு எங்கே நின்றாலும் அதை அழகாகவே குத்திவிடுவார்.

கொம்பை முன்னே கொண்டுவர வேண்டும் என்றேன். பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கிற்று. தேசிய அடையாள அட்டையில் அந்தத் தாயின் பெயர் ஒரு விதம். தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு விதம். இவனுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற கூட்டில் மூன்றாவது விதம். மலையகத்தில் இது புதுமையல்ல. பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. அந்த இடைவெளியில் விழுந்து உடைந்த பெயர்களோடுதான் எங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பங்களை நிரப்புகிறார்கள். ஆசிரியனின் பழக்கத்தில் நான் "இலட்சுமி என்று எழுதுவதுதான் இலக்கணம்" என்று தொடங்கினேன். அவன் என்னை முடிக்க விடவில்லை.

"எங்கம்மாவ யாரும் அப்படிக் கூப்புட்டதில்ல சேர்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன் கேட்டான்: "நீங்களே எழுதித் தாங்க சேர். போர்ட்டுல எழுதுவீங்களே, அந்த மாதிரி. அத அப்படியே குத்தச் சொல்றேன்."

என் கரும்பலகை எழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் அதற்காகவே என்னை எல்லா அறிவித்தல் பலகைக்கும் அனுப்புவார்கள். ஆனால் அன்று நான் பேனாவை எடுக்கவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

காரணத்தை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பச்சை குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அதை அறிவித்த இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களிடம் உம்மு யஃகூப் என்ற பெண் வந்து, குர்ஆனை முதலிலிருந்து முடிவுவரை படித்திருக்கிறேன், இதை நான் அதில் காணவில்லையே என்று வாதிட்டதும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. அந்த அம்மையாரின் துணிவு எனக்கு எப்போதும் பிடிக்கும். அவருக்குப் பதில் கிடைத்தது. எனக்கு இருந்த கேள்விக்கு அங்கே நேரான பதில் இல்லை. குத்துபவர் ஒருவர், குத்திக்கொள்பவர் ஒருவர். எழுத்தை எழுதிக்கொடுப்பவர் யார்? குத்திக்கொள்பவன் முஸ்லிம் அல்ல, அவன் தாயை இழந்தவன் என்பதெல்லாம் கணக்கில் சேருமா, சேராதா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மார்க்கச் சட்டத்தைவிட அதற்கு அடியில் கிடந்த இன்னொரு கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்தது. இன்றைக்கு இருக்கும் ஒருவன், இருபது வருடங்களுக்குப் பிறகு வரப்போகும் அதே ஒருவனைக் கேட்காமல் அவன் உடம்பில் எழுதலாமா?

பச்சை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எல்லவின் கடைகள் அல்ல. சின்ன வயதில் ஹாலி-எல பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவந்த ஓர் அம்மாவின் கை. முழங்கைக்குக் கீழே கோலம் ஒன்று. மணிக்கட்டில் ஒரு தேள். நெற்றிப் புருவங்களுக்கு நடுவில் ஒரு புள்ளி. கறுப்பாகக் குத்தியது காலப்போக்கில் பச்சையும் நீலமுமாக மங்கியிருந்தது. குறத்தி வந்து குத்தினாள் என்று சொல்வார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் சுற்றித் திரியாக்கி எரித்த கரியை நீரில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாமலிருக்கப் பாட்டும் பாடிக் குத்துவார்களாம். தமிழ்நாட்டில் குறவர் பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்த இந்தத் தொழிலைப் பற்றி எட்கார் தர்ஸ்டன் 1909இல் வெளியான தன் ஏழு தொகுதி நூலில் எழுதியிருக்கிறார். கடல் தாண்டி மலையேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொத்துகளில் களவு போக முடியாத ஒன்று அது.

அந்த அம்மாவுக்குக் குத்தியபோது வயது எட்டோ ஒன்பதோ. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு பாட்டி காலைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். செத்தபிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றுவார்கள், தோட்டைக் கழற்றுவார்கள், இது மட்டும் கூடவே வரும் என்பதும் அவர் சொன்னதுதான்.

1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தபோது நான் இரண்டு வயதுக் குழந்தை. உம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அந்த அம்மா தோட்டத்துக்குத் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். குங்குமத்தை அழித்தார்கள். மூக்குத்தியைக் கழற்றினார்கள். உம்மாவின் பழைய சாரியை உடுத்தி முக்காடும் போட்டாயிற்று. ஆனால் நெற்றிப் புள்ளியை என்ன செய்வது? உம்மும்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாராம், எண்ணெயில் போகாது என்று தெரிந்தும். கடைசியில் முக்காட்டைப் புருவம் மறையும்வரை இழுத்து விட்டு, நீட்டுக் கை வைத்த சட்டை ஒன்றைக் கொடுத்து, மூன்று நாள் உள்ளறையில் வைத்திருந்தார்கள். பொட்டு அழியும், தாலி கழன்றுவிடும், பேச்சைக்கூட அடக்கிக்கொள்ளலாம். பச்சை ஒன்றுதான் அன்றைக்கு அவரைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்தது. கை தட்டினால் வரும் அந்தச் சத்தத்துக்குக்கூட அவர் நெற்றியைத்தான் மூடிக்கொள்வார் என்று உம்மா சொல்வார்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகும் அவர் பல வருடங்கள் இருந்தார். வேண்டாதது என்று தன் பச்சையை அவர் சொன்னதே இல்லை. நான் பத்து வயதில் அந்தத் தேளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். "கடிக்காது ராசா" என்பார்.

இந்த ஒரு நினைவுதான் என் எளிமையான வாதத்தைக் குலைக்கிறது. சம்மதம் கேட்டுச் செய்தால் சரி, கேட்காமல் செய்தால் தவறு என்பதுதான் இந்தக் காலத்தின் பதில். எல்லக் கடையில் 18 வயது ஆனதா என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். வேறு எதைக் கேட்பார்கள்? அந்த அம்மாவிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் அவர் தன் பச்சையைச் சுமந்த விதத்தில் ஒரு முழுமை இருந்தது. அதே அடையாளம் பாட்டியின் கையிலும் அத்தையின் கையிலும் இருந்தது என்பதாலா? அவர் ஒருவராக அதைச் சுமக்கவில்லை என்பதாலா?

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் இளைஞர் ஒருவர், முஸ்லிம், 19 வயதில் கொழும்பில் வேலை செய்த நாட்களில் வலது தோளில் ஒரு கழுகு குத்திக்கொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை. சொந்தப் பணம், சொந்த விருப்பம். 34 வயதில் உம்ராவுக்குப் போனார். தவாபின்போது ஆண்கள் இஹ்ராம் துணியை வலது அக்குளின் கீழாகக் கொண்டுவந்து வலது தோளைத் திறந்துவிடுவார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. கழுகு கஃபாவைச் சுற்றியது என்று திரும்பி வந்து அவரே என்னிடம் சொன்னார். ஒருவரும் தன்னைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் ஏழு சுற்றும் முடியும்வரை தன் நினைப்பெல்லாம் தோளில்தான் இருந்தது என்றார். அவருடைய வுழூவும் தொழுகையும் கூடும் என்று ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதது, அந்த 19 வயதுப் பையனை எங்கே தேடிப் பிடித்து நியாயம் கேட்பது என்பதுதான்.

மற்ற உடன்படிக்கைகளில் திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் இடம்விட்டுப் பிரியும்வரை இருவருக்கும் பேரத்தை முறிக்கும் உரிமையை மார்க்கம் கொடுத்திருக்கிறது. திருமணத்துக்குத் தலாக்கும் குல்உவும் உண்டு. சத்தியத்தை முறித்தால் பரிகாரம் உண்டு. பத்துப் பேருக்கு உணவளித்துவிட்டு மனிதன் மறுபடி தன் பாதையில் நடக்கலாம். மனிதன் மாறக்கூடியவன் என்பதை ஏற்றுக்கொண்டு செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை. ஊசிக்கு அந்தத் தாராளம் கிடையாது.

பச்சை ஏன் நிலைக்கிறது என்பதற்கு விஞ்ஞானம் சொல்லும் காரணத்தை நான் அண்மையில்தான் படித்தேன். பத்தாம் ஆண்டு விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு உறுதிப்படுத்தியும் கொண்டேன். மருதோன்றி மேற்றோலை மட்டும் நிறமேற்றுகிறது. மேற்றோல் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால் பெருநாளுக்குப் போட்டது இரண்டு மூன்று வாரத்தில் போய்விடுகிறது. பச்சையில் மை அதற்குக் கீழே உட்தோலில் இறங்குகிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று உடம்பின் காவல் கலங்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. அந்தக் கலங்களும் சாகும். செத்ததும் சிந்தும் மையைப் புதிய கலங்கள் வந்து விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள். குத்தும்போது இருந்த கலங்கள் எல்லாம் போய்விட்டாலும் படம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக் கலமும் தான் கேட்காத ஒரு சுமையை முன்னவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. எங்கள் தோட்டங்களில் தகப்பன் பட்ட கடனை மகன் ஏற்றுக்கொண்டதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். உவமை பொருந்துகிறதோ இல்லையோ, அதன்பிறகு அந்தப் பால்கார அம்மாவின் கை எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

மறுநாள் அவன் வந்தபோது நான் முதலில் ஓர் ஆசிரியனாகவே பேசினேன். கடையில் என்ன கேட்டாய் என்றேன். எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், வலிக்குமா. இந்த மூன்றையும்தான் கேட்டிருந்தான். ஊசி உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து உன் கண் முன்னால் பிரிப்பார்களா என்று கேட்டாயா? மையைப் போத்தலிலிருந்து உனக்கென்று சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தை வீசிவிடுவார்களா? அல்லது முந்தினவருக்குத் தொட்ட மையிலேயே உனக்கும் தொடுவார்களா? அசுத்தமான ஊசியில் ஹெபடைடிஸ் பி, சி என்ற ஈரல் நோய்கள் வரலாம், எச்.ஐ.வி.யும் வரலாம். பி வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. சி வகைக்கு இல்லை. இதை அவனிடம் அழுத்திச் சொன்னதற்குக் காரணம், அவனும் மற்றவர்களைப் போல வளைகுடாவுக்குப் போகும் யோசனையில் இருக்கிறான். அங்கே போகுமுன் செய்யும் மருத்துவப் பரிசோதனையில் இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விசா இல்லை. ஒரு மாலை நேரத்துக் குத்தல் ஒரு குடும்பத்தின் கடனடைப்பைத் தடுத்துவிடலாம். குத்திய பிறகு குறிப்பிட்ட காலம் இரத்ததானம் செய்யவும் முடியாது. பல நாடுகளில் இது நான்கு மாதம் முதல் ஒரு வருடம்வரை.

உனக்கு அம்மை குத்திய இடம், வெட்டுக்காயம் ஆறிய இடம் தடித்து மேலெழுந்திருக்கிறதா என்று கையைப் பார்த்தேன். நம்மைப் போன்ற கறுத்த தோலில் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். அப்படித் தடித்தால் எழுத்து எழுத்தாக இராது. நுணுக்கமான எழுத்து காலம் போகப் போகப் பரவும். அவன் படத்தில் இருந்த அளவில் குத்தினால் இருபது வருடத்தில் 'ட்' உடைய புள்ளி பக்கத்து எழுத்தோடு கலந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி போனால் பெயரே போயிற்று. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறங்களைப் பிறகு லேசர் கதிரால்கூட எடுப்பது கடினம். கறுப்பு ஓரளவு போகும், அதுவும் மாதக்கணக்கில் பல தடவை போய், குத்தியதைவிடப் பல மடங்கு செலவழித்து. கொழுந்துக்குப் பச்சை நிறம் வேண்டும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

இன்னொன்றும் சொன்னேன், இது என் தொழில் சார்ந்தது. ஊசி தொடுமுன் படத்தை ஒரு தாளிலிருந்து தோலில் ஒற்றி எடுப்பார்கள். அது கழுவினால் போகும். அந்த நேரத்தில் கண்ணாடியில் பார்த்துவிடாதே, கண்ணாடி எழுத்தைத் திருப்பிக் காட்டும். படம் பிடித்துப் பெரிதாக்கி ஒவ்வோர் எழுத்தாகப் படி. தமிழ் தெரிந்த ஒருவரைப் படிக்கச் சொல். பிழை திருத்த அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அங்கே சிவப்பு மைப் பேனா கிடையாது.

எல்லாவற்றையும் அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் பயம் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். ஒரு பங்கு உண்மைதான்.

பிறகு, பார்ப்பவர் கண் உன் கையில் இல்லை என்றேன். கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த ஒரு பிரித்தானியத் தாதி 2014 ஏப்ரலில் கட்டுநாயக்கவில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். தான் பௌத்தத்தைப் பின்பற்றுவதாகவும் மரியாதைக்காகவே குத்தியதாகவும் அவர் சொன்னது எடுபடவில்லை. அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. நட்டஈடும் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் மூன்று வருடங்களுக்கு மேல் அந்தக் கையின் பொருளை அவர் தீர்மானிக்கவில்லை. எங்கள் பெண்களின் உடையை 2019க்குப் பின் இந்த நாடு எப்படி வாசித்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது புரியும். அந்த உடையையாவது மடித்து அலமாரியில் வைக்க முடிந்தது.

உடம்பில் எழுதுவதில் அதிகாரத்துக்கு இருந்த ஆசை தனிக்கதை. ஆங்கிலேய ஆட்சியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். அதை 1849இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் மலைகளுக்கு ஆள் அனுப்பியபோது நெற்றியில் குத்தாமல் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அது ஒரு முன்னேற்றம்தான் என்று கசப்போடு சொல்லலாம். ஹிட்லரின் ஆட்கள் அவுஷ்விட்ஸில் மறுபடி கைக்கே வந்தார்கள்.

இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டே போனபோது எனக்கே ஒரு நெருடல் வந்தது. கேட்காமல் எழுதக் கூடாது என்று பேசும் நான், என் மகனுக்குச் சுன்னத் செய்தபோது அவனைக் கேட்டேனா? மகளுக்குக் காது குத்தியபோது கேட்டேனா? பெயர் வைத்தபோது? பிள்ளை எந்த மொழியில் அழ வேண்டும், எந்தத் திசையில் தொழ வேண்டும் என்பதையெல்லாம் அவர்களைக் கேட்டா தீர்மானித்தோம்? கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் வளர்ப்பது என்ற ஒன்றே நடவாது. மீள முடியாத அடையாளங்களை நாம் எல்லோரும் பிள்ளைகள்மீது இடுகிறோம். இது எங்களுக்குக் கட்டளை, அது விலக்கு என்பது முஸ்லிமாகிய எனக்குப் போதுமான பதில். அவனுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் ஆசிரியனுக்கு அது போதவில்லை.

குழந்தைப் பருவத்தில் பச்சை குத்தப்பட்டவள்மீது பாவமில்லை, குத்தியவர்மீதே பாவம் என்று இமாம் நவவி (ரஹ்) எழுதியிருப்பதாக ஒரு மௌலவி நண்பர் சொன்னார். அகற்றினால் உடம்புக்குத் தீங்கு வரும் என்றால் அகற்றுவது கடமையில்லை, தௌபா போதும் என்பதையும் சொன்னார். இந்த நுணுக்கம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அல்ஜீரியா, மொரோக்கோ பக்கத்தில் அமாஸிக் இனத்து முஸ்லிம் மூதாட்டிகள் முகத்தில் சின்ன வயதில் குத்திய கோலங்களோடு இன்னும் இருக்கிறார்கள். முதுமையில் அவர்களில் பலர் இதற்காக வருந்துகிறார்கள். அவர்களுக்காகச் சொல்லப்பட்டது போலிருந்தது.

அந்த நண்பரிடமே என் சிக்கலையும் கேட்டேன். முதலில் "எழுதிக் கொடுக்காதீங்க, அதில் உங்கள் பங்கு வேண்டாம்" என்றார். பிறகு நான் விளக்கியதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்து, எழுத்துக்கூட்டிச் சொல்வது கல்வி, ஊசிக்கென்று வரைந்து கொடுப்பது உதவி என்று பிரித்தார். உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம், அதன் உரிமையாளர் நாமல்ல, இரவல் புத்தகத்தில் கிறுக்கலாமா என்பார் அவர். நல்ல உவமை. ஆனால் பள்ளிக்கூட நூலகத்தை இருபது வருடம் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது, பிள்ளைகள் தாங்கள் மிகவும் நேசித்த புத்தகத்தில்தான் தங்கள் பெயரை எழுதி வைக்கிறார்கள்.

அவனிடம் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மறந்துவிடுவாய் என்று பயப்படுகிறாயா?

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அவன் தாயின் படம் என்று வீட்டில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். அதில் அம்மா பயந்த முகத்தோடு இருக்கிறாள் என்றான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான். அவள் கையால் எழுதிய எதுவும் இல்லை. குரலைப் பதிவு செய்து வைக்கவும் அப்போது தோன்றவில்லை. லயத்தில் அவர்கள் இருந்த காம்பரா இப்போது வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. சுவரில் அம்மா கரியால் பால் கணக்குப் போட்ட கோடுகளைப் புதிதாக வந்தவர்கள் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார்கள். சொந்தமாக ஓர் அங்குல நிலம் இல்லாதவர்கள் எங்கே எழுதி வைப்பது சேர் என்று அவன் கேட்கவில்லை. நானாகத்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

திவசம் முடியட்டும் என்றேன். இன்னும் ஐந்து மாதம். முற்பணம் போனால் போகட்டும், அல்லது நாளை மாற்றித் தரச் சொல்லிக் கேள். அதுவரை இந்தப் பெயரைத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார். ஐந்து மாதம் கழித்தும் இதே எழுத்து, இதே இடம் என்றுதான் தோன்றினால் என்னைக் கேட்க வராதே, அது உன் காரியம். கொழுந்தின் பச்சை நிறத்தை மட்டும் விட்டுவிடு, கறுப்பு போதும் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான், இப்படிச் சொல்வதும் உதவியில் சேருமோ என்று தோன்றியது. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெயரை நான் எழுதவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னேன்; அவனையே எழுதச் சொன்னேன். அடையாள அட்டையில் உள்ளதும் இல்லை, என் இலக்கணமும் இல்லை, தோட்டத்தில் அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படி. மேசையில் குனிந்து, நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஆறு வயதில் எழுதியது போலவே எழுதினான். 'ல' எழுதும்போது உள் சுழியைப் பெரிதாகச் சுழிப்பது என் பழக்கம். கலாசாலையில் அதற்காக ஒரு விரிவுரையாளரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். அவன் தாளில் அதே பெரிய சுழி. முதலாம் ஆண்டில் அவன் கையைப் பிடித்து நான் எழுதவைத்தது. அன்றைக்கு அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தாளை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு பண்டாரவளை பஸ்ஸுக்குப் போய்விட்டான். புரட்டாதியில் திவசம்.